கேட்காமல் விட்டது

தோட்டத்து மணி அடிப்பதற்கு முன்னால் கோவிந்தம்மா மகளின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்து முடித்துவிடுவாள். வேலியோரம் தானாக முளைத்த ஆமணக்கின் கொட்டைகளை வறுத்து இடித்துக் காய்ச்சிய எண்ணெய். யுத்தம் முடிந்தும் எல்லாமே ரேஷன்தான், வேறு எண்ணெய்க்கு எங்கே போவது? காமாட்சி சாக்குப் படுக்கையில் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு வயது. இடது காலில் கொஞ்சம் சதை மிச்சமிருந்தது. வலது கால் மழையில் ஊறிய கரும்புச் சோகை மாதிரி பிடித்த இடத்தில் மடங்கியது. எவ்வளவு தேய்த்தாலும் அதில் சூடு ஏறாது.

தேய்த்து முடிகிறவரை கோவிந்தம்மா வாயைத் திறக்க மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தாடையில் தெரியும். பிள்ளையின் காலைப் பிடித்திருக்கிற எந்தத் தாய்க்கும் தானாக வந்துவிடுகிற சொல் ஒன்று உண்டு. ஆத்தா, இந்தக் கால் எழும்பி நடக்கணும். அது வரக்கூடாது என்றுதான் பல்லைக் கடித்தாள். மனதுக்குள்ளும் வந்துவிடக்கூடாது என்று களை எடுக்க வேண்டிய வரிசையை நினைப்பாள், ரேஷனில் வரப்போகும் சோளமாவை நினைப்பாள், கூரையின் ஒழுகலை நினைப்பாள்.

கேட்கமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

தீவின் தென்கிழக்கில், பிளேன் மாக்னியன் ஊரிலிருந்து கடலை நோக்கி இறங்கினால் வருகிற கரும்புத் தோட்டம் அது. போன வருஷத் தொடக்கத்தில் அங்கே முதலில் புயல் வந்தது. குடியிருப்பில் பாதி வீடுகளுக்குக் கூரை போயிற்று. மறுபடி வேய்ந்து முடிப்பதற்குள் காய்ச்சல் வந்தது. பெரும்பாலும் பிள்ளைகளுக்கு. உடம்பு கொதித்து, கழுத்து விறைத்து, பிறகு காய்ச்சல் இறங்கும். இறங்கியதும் தாய்மார் சந்தோஷப்படுவார்கள். பிள்ளையை எழுப்பி நிறுத்தும்போது அது அப்படியே சரியும். சில பிள்ளைகளுக்கு மூச்சும் சரிந்தது. இளம்பிள்ளை வாதம் என்றார் டாக்டர். தீவு முழுக்க இருக்கிறது, இதற்கு மருந்து உலகத்திலேயே இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

காமாட்சிக்குக் காய்ச்சல் கண்ட மறுநாள் பக்கத்து வீட்டு ஜோர்ஜெத்தின் மகன் தெசிரேவுக்கும் கண்டது. ஜோர்ஜெத் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். அவளுடைய பாட்டனார் கோவிந்தம்மாவின் பாட்டனாரைப் போலவே கரைக்காலில் கப்பல் ஏறி வந்தவர். வந்த இடத்தில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். இரண்டு பெண்களும் பேசிக்கொள்வது தீவின் பொதுப் பேச்சான கிரியோலில். ஆனாலும் பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் ஜோர்ஜெத்துக்கும் தோட்டத்து அம்மன் கோவில்தான். அன்று காலை இருவரும் சேர்ந்தே போனார்கள். ஒரே துணியைக் கிழித்து மஞ்சளில் நனைத்து வேப்பமரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் கட்டினார்கள்.

ஜோர்ஜெத் எல்லாவற்றையும் கேட்டாள். உயிர் கேட்டாள், கை கால் கேட்டாள், அவன் படித்து உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். முதல் நற்கருணைக்கு வெள்ளைச் சட்டை போட்டு அவன் நடந்து போவதைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டாள்.

கோவிந்தம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். “உசுர மட்டும் குடு. அதுக்கு மேல உங்கிட்ட எதுவுமே கேக்க மாட்டேன். புள்ளையத் தூக்கிக்கிட்டு உன் நெருப்புல இறங்குறேன்.”

தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்று பழகிய புத்தி அது. அங்கே நிறையக் கேட்டவனுக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. வடக்கே ஒரு தோட்டத்தில் கூலியை உயர்த்தச் சொல்லிக் கூடியவர்களைப் போலீஸ் சுட்டதும் அப்போது பழைய கதை ஆகியிருக்கவில்லை. கொஞ்சமாகக் கேள், தலையைக் குனிந்து கேள், இனி கேட்கமாட்டேன் என்று சொல்லிக் கேள். அவளுக்குத் தெரிந்த கேட்கும் முறை அதுதான்.

தெசிரே செத்துப்போனான். காமாட்சி பிழைத்தாள்.

*

ஜனவரி பிறந்ததும் கோவிலில் தீமிதிக்கு நாள் குறித்தார்கள். கரும்பு வெட்டு முடிந்திருந்தது. வெட்டிய கட்டைகளுக்கிடையே களை பறித்துக் கல் பொறுக்குகிற வேலைதான். வெயில் மண்ணிலிருந்து கிளம்புவது போல அடித்தது.

புருஷன் நாகலிங்கம் வேலையிலிருந்து வந்து, அவித்த மரவள்ளிக் கிழங்கைப் பிட்டு முருங்கைக்கீரைச் சாற்றில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

“வெள்ளிக்கிழமை காப்புக் கட்டறாங்களாம்,” என்றாள் கோவிந்தம்மா.

“கட்டட்டும்.”

“நானும் கட்டிக்கணும்.”

“எதுக்கு?”

“எதுக்கா?”

“ஆமா. உன் ஆத்தா என்னத்தக் குடுத்துட்டா?”

“உசுரு குடுத்தா.”

“அது நாம பெத்த உசுரு. அவ வந்து பாதிய எடுத்துக்கிட்டு மீதிய வச்சிட்டுப் போனா. நம்ம சர்தார் வேலைய அளக்கறான் பாரு, அந்த மாதிரி. வரிசை முச்சூடும் சுத்தம் பண்ணி வச்சாலும் மூலையில ஒரு புல்லக் காட்டி அரை நாள் கூலிய அடிச்சிருவான். அவனுக்கும் சலாம் போட்டுட்டுத்தான் வர்றோம். இவளுக்கும் போடணுமா?”

“மெதுவாப் பேசுங்க. புள்ள கேக்குது.”

“கேக்கட்டும். அதுக்குக் காது ஒண்ணாவது முழுசா இருக்கே.”

மூலையில் படுத்திருந்த காமாட்சி சிரித்தாள். அப்பா வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டாள். கிழங்கின் நாரை அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வைத்தான்.

“செய்யலன்னா?” என்றாள் அவள் கடைசியில். “குடுத்தத திருப்பி எடுத்துக்குவா.”

“அப்படி எடுக்கறவளுக்கு எதுக்குடி கோவிலு?”

அவன் குரலைத் தணித்தான்.

“சரி, சாமிய விடு. எப்படித் தூக்குவ, அதச் சொல்லு. மத்த புள்ளைங்க இடுப்புல உக்காந்தா காலால கவ்விக்கும். இது கவ்வுமா? சாக்கு மாதிரி தொங்கும். பத்து நாள் பட்டினி கெடந்து உன் கையி நடுங்கும். நெருப்புக்கு நடுவுல நழுவிச்சுன்னா?”

இதை அவள் யோசிக்காமல் இல்லை. எண்ணெய் தேய்க்கும்போது நினைத்துக்கொள்கிற விஷயங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டிருந்தது.

“முந்தானையால கட்டிக்கறேன்.”

“கட்டிக்க. நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்.”

*

ஓடையில் துணி துவைக்கிற கல் இரண்டுதான் நன்றாக இருக்கும். ஒன்றில் கோவிந்தம்மா, ஒன்றில் ஜோர்ஜெத். தெசிரே போனதிலிருந்து ஜோர்ஜெத் கறுப்புதான் உடுத்தினாள். துவைத்துத் துவைத்து அது சாம்பல் நிறமாகியிருந்தது.

“நெருப்புல இறங்கறியாமே, கொமேர்?” என்றாள். பிள்ளை பெற்ற தோழிகள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற பெயர் அது. தெசிரே போன பிறகு அன்றுதான் அப்படிக் கூப்பிட்டாள்.

“ம்.”

“எல்லாரும் பாக்க, ஆத்தா எம் புள்ளையக் காப்பாத்திட்டான்னு சொல்லப் போற.”

“நான் வாயே திறக்க மாட்டேன், ஜோர்ஜெத்.”

“நீ திறக்கவே வேணாம். இறங்கினா அதுதான அர்த்தம். அப்ப எம் பையன அவ என்ன பண்ணினா? மறந்துட்டாளா? இல்ல, பாத்துக்கிட்டே இருந்தாளா?”

கோவிந்தம்மாவின் கையில் துணி பிழியப்படாமல் அப்படியே இருந்தது. தண்ணீர் சொட்டியது.

“ஒரே துணிதான? நீதான கிழிச்சே? உன் பக்கம் நல்லா நனைஞ்சு, என் பக்கம் நனையலியா?”

“அப்படியெல்லாம் இல்ல.”

“நான் ரொம்ப ஆசப்பட்டுட்டேனா? வெள்ளச் சட்டையெல்லாம் கேட்டேனே, அதுல கோவம் வந்துருச்சா?” ஜோர்ஜெத் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். “பாதிரியார் சொல்றாரு, தேவனுக்கு ஒரு சம்மனசு, ஒரு தேவதூதன் வேணுமாம், அதான் எடுத்துக்கிட்டாராம். அவருக்கென்ன பஞ்சம்? வானம் பூரா வச்சிருக்காரு. எங்கிட்ட இருந்தது ஒண்ணு. மொகத்துக்கு நேராச் சொல்லிட்டேன்.”

“பாதிரியார்கிட்டயா?”

“ஆமா. அழுதுட்டாரு. பாவம், சின்ன வயசு. அவருக்கு நான் தண்ணி குடுக்க வேண்டியதாப் போச்சு.”

இரண்டு பேருக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்தது. அது வந்த வேகத்தில் ஜோர்ஜெத்தின் முகம் உடைந்தது. கோவிந்தம்மா எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. ஓடைத் தண்ணீர் சோப்பு நுரையைக் கொண்டுபோய்க் கரையோரச் சேம்பிலைகளுக்கடியில் சேர்த்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“போ,” என்றாள் ஜோர்ஜெத், எழுந்திருக்கும்போது. “போய் இறங்கு. ஒண்ணு போனது போதும்.”

*

பூசாரி திருவேங்கடம் ஆலையில் கொதிகலனுக்குச் சக்கை தள்ளுகிறவர். வெள்ளிக்கிழமையும் திருவிழா நாளும்தான் பூசாரி. கோவிந்தம்மா போனபோது தீக்குழிக்கு அளவு போட்டு மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்.

“புள்ளைய விட்டுட்டு நான் மட்டும் இறங்கினா ஏத்துக்குவாளா?” என்று கேட்டாள்.

“நீ என்ன சொன்னே?”

“தூக்கிக்கிட்டு இறங்குறேன்னேன்.”

“அப்பறம் எங்கிட்ட என்னம்மா கேக்கறே? சொன்னவ நீ. கேட்டுக்கிட்டவ அவ.”

“காலு போயிரும்னு எனக்குத் தெரியாதே.”

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் நின்றார். சட்டையில்லாத மார்பில் கொதிகலன் சுட்ட பழைய தழும்புகள் இருந்தன.

“இன்னொண்ணும் சொன்னேன்,” என்றாள். “வேற எதுவும் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அதான் கேக்க முடியல.”

“ஏன் தாயி அப்படிச் சொன்னே?”

“கொஞ்சமாக் கேட்டா குடுத்துருவான்னு.”

திருவேங்கடம் கோவில் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

“எம் பொண்டாட்டி மலேரியாவுல போனப்ப நான் ஒண்ணுமே கேக்கல. இத்தன வருஷமாப் பூச பண்றேன், இதுவரைக்கும் எனக்குன்னு ஒண்ணு கேட்டதில்ல. கேட்டு, பதில் வரலன்னா, அடுத்த வெள்ளிக்கிழமை சூடம் ஏத்தக் கை வராது.” மறுபடி வெட்ட ஆரம்பித்தார். “புள்ளைய நல்லா இறுக்கிக் கட்டிக்க. வேகமாப் போயிரு. குழிக்குள்ள நிக்காத.”

*

தீமிதி அன்று காற்றே இல்லை. காலையிலிருந்து எரிந்த சவுக்குக் கட்டைகள் தணலாகி, அதை நீண்ட கழிகளால் பரப்பியிருந்தார்கள். அதன் மேல் காற்று நெளிந்தது. எதிர்ப்பக்கத்துக் கோவில் தண்ணீருக்கடியில் இருப்பது போல ஆடியது. ஓடையில் முழுகிவிட்டு வந்த வரிசை மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக நின்றது. உறுமியும் பறையும் காதை அடைத்தன.

கோவிந்தம்மா காமாட்சியை இடுப்பில் வைத்து முந்தானையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள். பிள்ளையும் நனைந்திருந்தது. தணலின் வெளிச்சம் பட்டு அதன் முகம் பளபளத்தது.

“அம்மா,” என்று காதருகே வந்து சொன்னாள் காமாட்சி. “அந்தப் பக்கம் போனா காலு வந்துருமா?”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. அதுக்குத்தான போறோம்?”

வரிசை நகர்ந்தது. முன்னால் இரண்டு பேர்தான்.

“இல்ல, கண்ணு.”

“ஏன்?”

“காலு கேக்கல.”

காமாட்சி கொஞ்சம் யோசித்தாள். கோபமில்லை. மறந்துபோன ஒரு சாமானைப் பற்றி விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

“ஏம்மா கேக்கல?”

திருவேங்கடம் கரகத்தோடு இறங்கிப் போனார். அடுத்தவர் போனார். பின்னாலிருந்து யாரோ கோவிந்தம்மாவின் தோளைத் தொட்டார்கள். அவள் இறங்கினாள்.

பாதிக்கு முன்னாலேயே ஈரத் துணியின் முடிச்சு நெகிழ்ந்தது. முதலில் பாரம் இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது. அவள் ஒரு கையால் பிள்ளையின் முதுகை அழுத்தினாள். இன்னொரு கையால் எட்டிப் பிடிப்பதற்குள் அந்த இரண்டு கால்களும் கீழே தொங்கி, தணலுக்கு ஒரு சாண் உயரத்தில் ஆடின. காமாட்சி அலறினாள். அந்தக் கால்களுக்கு நடக்கத்தான் தெரியாது. சுடுவது நன்றாகத் தெரியும். கோவிந்தம்மா நின்றுவிட்டாள். குனிந்தால் விழுந்துவிடுவோம் என்று தோன்றியது. நிற்கக்கூடாது என்பதும் தெரிந்தது.

கூட்டத்திலிருந்து கயிற்றைத் தாண்டி ஒரு ஆள் குதித்தான். நாகலிங்கம்தான். வர மாட்டேன் என்றவன் எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது. காப்புக் கட்டாதவன், விரதம் இல்லாதவன், மத்தியானம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவன். நேராகத் தணலில் இறங்கி, அவளுக்குப் பின்னால் வந்து, மகளின் இரண்டு கால்களையும் கைகளில் ஏந்திக்கொண்டான்.

“நட,” என்றான். “நட, கோவிந்து.”

அவள் நடந்தாள். அவளுடைய அடிக்குத் தகுந்தாற்போல அவனும் ஒவ்வொரு அடியாக வைத்தான். அவளைத் தாண்டிப் போகவும் முடியாது, அந்தக் கால்களை விடவும் முடியாது. தணலின் முடிவில் கால் நனைக்கப் பால் ஊற்றி வைத்திருந்த பால்குழியில் காலை வைத்ததும்தான் அவன் கைகளை எடுத்தான். பிறகு பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்தான்.

*

ஜோர்ஜெத்தின் புருஷன் லூயி வேலிக்கு வெளியே மாட்டு வண்டியோடு நின்றிருந்தான். அதில் போட்டுத்தான் நாகலிங்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கால் இரண்டும் தோல் உரிந்து வெந்திருந்தன. ஜோர்ஜெத் கற்றாழையைப் பிளந்து சோற்றை வழித்து அப்பினாள். வாழைக்குருத்தை விரித்துப் போட்டாள். அவன் பாயின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கோவிந்தம்மாவின் பாதத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

அது எப்படியோ குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. பெண்கள் வந்தார்கள். நாகலிங்கத்தை எட்டிப் பார்த்து, காப்பில்லாமல் இறங்கினால் அப்படித்தான் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பிறகு கோவிந்தம்மாவின் முன்னால் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். அவள் சேலைக்குள் காலை இழுத்துக்கொண்டாள்.

“தொடட்டும் விடு,” என்றான் நாகலிங்கம் பாயிலிருந்து. “நம்ம வீட்டுல ரெண்டு காலாவது சாமிக்குப் பிடிச்சுதே.”

“போங்க எல்லாரும்,” என்றாள் கோவிந்தம்மா. “எந்திரிச்சுப் போங்க.”

அவர்கள் போனார்கள். ஜோர்ஜெத் மட்டும் இருந்தாள். சுவரோரம் தூங்கிவிட்ட காமாட்சியின் காலில் எங்காவது சுட்டிருக்கிறதா என்று மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு கோவிந்தம்மாவின் பாதங்களை ஏறிட்டுப் பார்த்தாள்.

“மறுபடியும் உனக்கு ஒண்ணும் ஆகல,” என்றாள்.

அதில் குத்தல் இருந்ததா என்று கோவிந்தம்மா தேடினாள். இல்லை. உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“நான் வெந்திருக்கலாம்,” என்றாள்.

“உன்னைக் கேட்டா குடுக்கறாங்க?” என்றாள் ஜோர்ஜெத். கற்றாழைத் தோல்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

*

காப்பு அவிழ்க்கிற நாள் காலையில் கோவிலில் ஆள் அதிகமில்லை. தணல் அணைந்து, குழியில் மழைத் தண்ணீர் கறுப்பாகத் தேங்கியிருந்தது. நாகலிங்கத்துக்கு இன்னும் காலை ஊன்ற முடியவில்லை. காய்ச்சலும் இருந்தது. ஜோர்ஜெத்தை அவனோடும் பிள்ளையோடும் உட்கார வைத்துவிட்டுக் கோவிந்தம்மா வந்திருந்தாள். கோவிலிலிருந்து நேரே அவனுடைய வரிசைக்கும் சேர்த்துக் கல் பொறுக்கப் போக வேண்டும்.

திருவேங்கடம் அவள் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் நூலை அவிழ்த்தார். சூடத்தை ஏற்றித் தட்டை அம்மன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

“வேண்டிக்க, தாயி,” என்றார் வழக்கமாகச் சொல்வது போல. சொல்லிவிட்டுத்தான் நினைவு வந்தது. தட்டோடு அப்படியே நின்றார்.

கோவிந்தம்மா அம்மனைப் பார்த்தாள். எண்ணெய் இறங்கிக் கறுத்த கல் முகம், வெள்ளிக் கண். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அவள் அழப்போகிறாள் என்று நினைத்தார்கள்.

“கேக்க மாட்டேன்னு சொன்னேன்,” என்றாள். களை வரிசையில் பக்கத்திலிருப்பவளிடம் பேசுகிற குரல். “கேக்கல. சொல்றேன், கேட்டுக்க. ஜோர்ஜெத் மகன் தெசிரே செத்துப்போயிட்டான். அவளுக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். எம் மக காமாட்சிக்கு ரெண்டு காலும் வராது. அவ ஏன் கேக்கலன்னு எங்கிட்ட கேக்கறா. எம் புருஷன் உன் நெருப்புல வெந்து கெடக்கறாரு. அவரு உங்கிட்ட எதுவும் கேட்டு வரல. புள்ள காலு சுடக்கூடாதுன்னு வந்தாரு.”

பின்னாலிருந்த பெண் ஒருத்தி, “அடியே, என்னடி பேசறே,” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் ஆகல,” என்றாள் கோவிந்தம்மா அம்மனிடம். “அதையும் சொல்லிட்டேன். உனக்குத் தெரியாதோ என்னவோன்னு.”

திருவேங்கடத்தின் தட்டில் சூடம் எரிந்து அணைந்தது. கையைச் சுட்டிருக்க வேண்டும். அவர் அதைக் கீழே வைக்கவில்லை. விபூதி கொடுக்கவும் மறந்து நின்றார். அவள் கேட்டு வாங்கவில்லை. படியில் இறக்கி வைத்திருந்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மழை ஈரம் காயாத வண்டித் தடத்தில் கல் பொறுக்கப் போனாள்.